ஊன்னு ஒரு சத்தம்

முதலில் பழி விழுந்தது கீழ்வீட்டுத் தையல்காரர் மேல்தான். மோட்டார் வைத்த மெஷின் ஒன்றை அவர் வாங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. சத்தம் ஆரம்பித்தும் ஏறக்குறைய அவ்வளவு நாள்தான் இருக்கும். காதுக்காரி படியிறங்கிப் போய்க் கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள். சண்டைக்கு வந்தவள் மாதிரியும் இல்லை, சும்மா வந்தவள் மாதிரியும் இல்லை.

“அண்ணே, உங்க மெஷினைக் கொஞ்சம் நிறுத்துங்களேன்.”

“நிறுத்தித்தாம்மா இருக்கு. கையால காஜா எடுத்துட்டிருக்கேன், பாரு.”

“மோட்டார்?”

“பிளக்கே பிடுங்கிக் கிடக்கு. என்னாச்சு, சத்தம் வருதா?”

பிளக் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு தரையில் கிடந்தது. சத்தம் வந்துகொண்டுதான் இருந்தது.

சத்தம் என்று சொன்னால் பெரிய வார்த்தை. எங்கேயோ ரொம்பத் தூரத்தில் பாரம் ஏற்றின லாரி ஒன்று மேடு ஏறுகிறது, ஏறுகிறது, ஏறிக்கொண்டே இருக்கிறது, உச்சிக்குப் போய்ச் சேருவதே இல்லை என்றால் எப்படி இருக்கும், அப்படி. காதில் கொஞ்சம்தான் விழும். மீதி நெஞ்செலும்பில் விழும். படுத்தால் தலையணைக்குள் இருக்கும். எழுந்தால் சுவருக்குள் இருக்கும். வாயை மூடிக்கொண்டு யாரோ ‘ஊ’ என்று சொல்லி, நிறுத்த மறந்துபோன மாதிரி.

காதுக்காரி என்பது அவள் பேர் இல்லை, வேலை. தண்ணீர் மோட்டார் செய்யும் தொழிற்சாலையில் கடைசி மேஜை அவளுடையது. பூட்டி, முறுக்கி, வர்ணம் அடித்து வருகிற ஒவ்வொரு மோட்டாரும் அவள் முன்னால் ரப்பர் மெத்தையில் வந்து உட்காரும். சுவிட்சைப் போடுவாள். முழ நீளத் திருப்புளியின் முனையைப் பேரிங் மேல் வைத்து, பிடியைக் காதுக்கு முன்னால் இருக்கிற எலும்பில் அழுத்துவாள். மூன்று மூச்சு. நல்ல மோட்டார் என்றால் சாக்பீஸால் ஒரு கோடு. இல்லையென்றால் ஒரு வட்டம். வட்டம் போட்டதைப் பிரித்தால் உள்ளே கிரீஸ் காய்ந்திருக்கும், இல்லை மயிரிழை அளவுக்கு ஓர் உரசல் இருக்கும். ஒன்பது வருஷத்தில் அவள் வட்டம் தப்பினதில்லை. சந்தேகம் வந்தால் இடது கையைத் தூக்குவாள். வரிசை முழுக்க சுத்தியலை அந்தரத்தில் நிறுத்திக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். தொழிற்சாலையில் முதலாளி இருமினால்கூட நிற்காத வரிசை அது.

அந்தக் கை இப்போது வீட்டில் தூக்கினது தூக்கினபடி இருந்தது.

“தூக்குறதுதான் தூக்குறே, அப்படியே மேல இருக்கிற ஒட்டடையையும் எடுத்துடு,” என்றார் அவள் புருஷன். அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். காலையில் ஒரு நடை, மதியம் ஒரு நடை. நடுவில் வீட்டுக்கு வந்து, பனியனோடு தரையில் மல்லாந்துவிடுவார்.

“ஷ்ஷ். இப்பப் பாருங்க. கேக்குதா?”

“எனக்கா? பதினஞ்சு வருஷமா என்ஜின் மேல உக்காந்திருக்கேன். பின்னாடி முப்பது பிள்ளைங்க கத்துது. இந்த ஊ, ஆ எல்லாம் எனக்குத் தாலாட்டு.”

“விளையாடாதீங்க. அந்த மெயினை அணைங்க.”

அணைத்தார். ஃபிரிட்ஜ் ஒரு தரம் உதறிக்கொண்டு அடங்கியது. மின்விசிறி மனசில்லாமல் சுற்றி நின்றது. மேலே மெயினை அணைத்தால் கீழேயும் சேர்ந்து அணைகிற மாதிரியான வீடு அது. தையல்காரர் இஸ்திரிப் பெட்டியும் கையுமாக வாசலுக்கு வந்து, “யாருங்க அது?” என்று கத்தினார். எல்லாம் ஓய்ந்தது. அந்த ஓய்ச்சலின் நடுவில், துணியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பது போல, அது இருந்தது.

காதுக்காரி திருப்புளியை எடுத்தாள். சுவரில் வைத்துக் கேட்டாள். குழாயில், தண்ணீர்த் தொட்டியில், கட்டில் காலில், அரிசி டிரம்மில், ஜன்னல் கம்பியில் வைத்துக் கேட்டாள். எங்கே வைத்தாலும் ஒரே மாதிரி. ஒரு இடத்தில் கூடுதல், ஒரு இடத்தில் குறைச்சல் என்றால்தானே பிடிக்க முடியும்?

“என் மண்டையிலயும் வச்சுப் பாரேன், ஒருவேளை இங்க இருந்தாலும் இருக்கும்,” என்று தலையை நீட்டினார் புருஷன்.

வைத்துப் பார்த்தாள். நிஜமாகவே மூன்று மூச்சு கேட்டாள்.

“காலியா இருக்குங்க. எதிரொலிதான் வருது.”

ஜன்னல் ஓரத்தில் சட்டைக் குவியலுக்கு நடுவே உட்கார்ந்திருந்த மாமியார் இவர்கள் சிரிப்பதைப் பார்த்துத் தானும் சிரித்துவைத்தாள். என்ன, ஏது என்று கேட்கவில்லை. முப்பது வருஷம் தறி ஷெட்டில் நின்றவள். காது அங்கேயே போய்விட்டது. இப்போது தையல்காரருக்குப் பட்டன் தைத்துக் கொடுக்கிறாள். ஒரு சட்டைக்கு ஏழு பட்டன், ஒரு பட்டனுக்கு எட்டுக் குத்து. கை தன்பாட்டில் போகும். அவளோடு பேச வேண்டுமென்றால் பக்கத்தில் போய்க் கழுத்து நரம்பு புடைக்கக் கத்த வேண்டும். அதனால் ஏழு வருஷமாக மாமியாருக்கும் மருமகளுக்கும் நடந்த பேச்சு எல்லாம் தந்தி மாதிரிதான். “அத்தை, சாப்பாடு!” “அத்தை, மழை! துணி!” “அத்தை, மாத்திரை!” அதற்கு மேல் கத்த யாருக்குத் தெம்பு இருக்கிறது?

புதன்கிழமை தொழிற்சாலையில் மோட்டார்கள் தேங்க ஆரம்பித்தன. காதுக்காரியின் மேஜைக்கு முன்னால் ரேஷன் கடை மாதிரி வரிசை. ஃபோர்மேன் வந்து நின்றார். கனத்த உடம்பு, கனத்த குரல். பேசினால் அண்டாவுக்குள் தலையை விட்டுக்கொண்டு பேசுவது போல் இருக்கும்.

“என்னம்மா, மோட்டாருக்கு ஜோசியம் பாக்குறியா?”

“ரெண்டு தரம் கேட்டுக்கிறேன் சார்.”

“ஒன்பது வருஷமா ஒரு தரமே போதும்னு இருந்துச்சே?”

அவளுக்குப் பொய் வராது. வந்தாலும் முகம் காட்டிக் கொடுத்துவிடும்.

“வீட்டுல ஒரு சத்தம் கேக்குது சார். ஊன்னு. வேற யாருக்கும் கேக்கல. அதான், மோட்டார்ல கேக்குறது மோட்டார்லதான் கேக்குதா, இல்ல…”

ஃபோர்மேன் பக்கத்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்தால் விஷயம் பெரிசு என்று அர்த்தம்.

“அது வீட்டுல இருக்கா, உன் காதுல இருக்கா?”

“தெரியல சார்.”

“அதைத் தெரிஞ்சுக்க. வீட்டுல இருந்தா எனக்கு ஒண்ணும் இல்ல. இருந்துட்டுப் போகட்டும். காதுல இருந்தா இந்த மேஜை ஆகாதும்மா. பேக்கிங்ல போட்டுடுறேன். ஞாயித்துக்கிழமை நானே வீட்டுக்கு வர்றேன். வந்து பாத்துட்டு ஒரு முடிவு சொல்றேன்.”

பேக்கிங் ஒன்றும் கேவலமான வேலை இல்லை. அட்டைப்பெட்டி, தெர்மாகோல், டேப். சம்பளமும் அதேதான். ஆனால் அங்கே கையைத் தூக்கினால் வரிசை நிற்காது. ‘டேப் வேணுமாக்கா?’ என்று கேட்பார்கள்.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் வீட்டுக்கு ஆள்மேல் ஆள் வந்தார்கள். எலக்ட்ரீஷியன் எல்லா சுவிட்சையும் கழற்றி மாட்டிவிட்டு, “லைன் சுத்தமா இருக்குக்கா. உங்களுக்குத்தான் எர்த் சரியில்ல போல,” என்றார். குழாய்க்காரர் குழாயில் காதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு பத்து நிமிஷம் நின்றார். தூங்கிவிட்டார் என்பது கையிலிருந்த திருப்புளி கீழே விழுந்தபோதுதான் தெரிந்தது. “நல்ல அமைதியான வீடும்மா,” என்று கொட்டாவியோடு சொல்லிவிட்டுப் போனார். தையல்காரர் தானாக மேலே வந்து, தனக்கு ஒரு வாரமாகக் கால் உளைச்சல், ஒருவேளை அதுவாக இருக்குமோ என்று கேட்டார். பக்கத்து மாடிப் பூனையைக்கூட விடவில்லை. அதைத் தூக்கிக்கொண்டு வந்து நடு ஹாலில் விட்டு, காதைத் திருப்புகிறதா என்று பார்த்தார்கள். அது மீன் எங்கே என்று பார்த்தது.

சனிக்கிழமை அரை நாள் வேலை. மழை பிடித்துக்கொண்டது. காதுக்காரி நனைந்துகொண்டே வந்து, துணி மாற்றி, அடுப்பில் உலையை வைத்துவிட்டு வெங்காயம் நறுக்க உட்கார்ந்தாள். வெங்காயம் ஒரு சாக்கு. கண்ணிலிருந்து கொட்டுகிறது எதனால் என்று யாரும் கேட்க மாட்டார்கள் பாருங்கள். ஒன்பது வருஷத்து மேஜை. நாளைக்கு மதியம் அதை எடுத்து வேறு யாருக்கோ கொடுத்துவிடுவார்கள். அவர்கள் திருப்புளியைத் தலைகீழாகப் பிடிப்பார்கள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு நறுக்கினாள். வெளியே மழை தகரத்தில் பொரிந்தது. சமையலறை வாசலில், வெளிச்சத்துக்காக ஸ்டூலை நகர்த்திப் போட்டுக்கொண்டு மாமியார் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள்.

கத்தி நின்றது.

மாமியாரின் தொண்டையிலிருந்து ஏதோ வந்துகொண்டிருந்தது. பாட்டு இல்லை. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. உதடு மூடியிருந்தது. ‘ஊ’ என்று ஒரே இழை. ஊசி உள்ளே போகும்போது கொஞ்சம் அழுத்தம், வெளியே வரும்போது கொஞ்சம் இளக்கம். அந்த இழை, வீட்டுக்குள் இருக்கிற இழையின் மேல் விரித்த விரிப்பு மாதிரி ஒட்டிக் கிடந்தது.

“அத்தை, என்ன பாடுறீங்க?” அழுத தொண்டையில் குரல் கரகரவென்று அடியில்தான் வந்தது.

“பாட்டா? நான் எங்கடி பாடுறேன்? அது போடுற சுதிக்கு ஊசி போட்டுட்டிருக்கேன்.”

“எது போடுற சுதி?”

“அதான்டி. ஊன்னு ஒண்ணு இருக்கே, எந்நேரமும்.”

வெங்காயம் உருண்டு அடுப்புக்கடியில் போனது.

“அத்தை! உங்களுக்குக் கேக்குதா?”

மாமியார் பல்லால் நூலைக் கடித்து அறுத்தாள். நிதானமாக அடுத்த பட்டனை எடுத்தாள்.

“கேக்குதான்னு என்னை யாரு கேட்டா? எலக்ட்ரீஷியனைக் கேட்டீங்க. குழாய்க்காரனைக் கேட்டீங்க. கீழ இருக்கிறவரு காலைக் கேட்டீங்க. நேத்து அந்தப் பூனையைத் தூக்கிட்டு வந்து அதையும் கேட்டீங்க. இந்த வீட்டுல என்னை ஒருத்தர் கேட்டீங்களா?”

“உங்களுக்குக் காது…”

“மந்தம். தெரியும். ரெண்டு மாசம் முன்னாடி இது ஆரம்பிச்சப்ப நானும் அப்படித்தான் நினைச்சேன். செவிடன் காதுல ஊதின சங்குன்னு சொல்வாங்களே, அந்தச் சங்கைத்தான் எனக்கு ஊதுறாங்க போலன்னு இருந்துட்டேன். வெளிய சொன்னா காதோட சேத்து மூளையும் போச்சும்பீங்க. எதுக்கு வம்பு?”

மதிய நடை முடித்து ஈரச் செருப்போடு உள்ளே வந்த வேன்காரர் கண்டது இதுதான்: பெண்டாட்டி அம்மாவின் மடியில் தலையை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறாள், அம்மா அவள் தலைமேல் சட்டையை வைத்துப் பட்டன் தைக்கிறாள், உலை பொங்கி வழிந்து அடுப்பு அணைந்து கிடக்கிறது.

“வெளிய வரைக்கும் கேஸ் நாத்தம் வருது. அது ரெண்டு பேருக்கும் தெரியல, ஊ மட்டும் கேக்குதாக்கும்,” என்றபடி ஓடிப்போய் அடுப்பை மூடி, ஜன்னலைத் திறந்தார்.

ஞாயிறு பதினொரு மணிக்கு ஃபோர்மேன் வந்தார். ஞாயிற்றுக்கிழமைச் சட்டை, குடை, கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். படியேறின மூச்சு அடங்கும்வரை நாற்காலியில் உட்கார்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்தார். நடந்ததை எல்லாம் காதுக்காரி சொன்னாள். அவர் தலையை ஆட்டினார்.

“வீட்டு ஆளு சாட்சி செல்லாதும்மா. அதுலயும் மாமியார் மருமகளுக்காகச் சாட்சி சொல்றாங்கன்னா, எனக்குச் சந்தேகம் ஜாஸ்திதான் ஆகுது.”

“எதுக்குங்க சந்தேகம்?” என்றாள் மாமியார் ஜன்னல் ஓரத்திலிருந்து. “இவளுக்காகப் பொய் சொல்லி எனக்கு என்ன ஆகப்போகுது? இவ போடுற டீயைக் குடிச்சா உங்களுக்கே தெரியும்.”

புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஃபோர்மேன் கத்தவில்லை. சாதாரணமாகத்தான் பேசினார். அதுவும் பத்தடி தள்ளி.

“இவங்களுக்கா காது கேக்காதுன்னீங்க?” என்றார் ஃபோர்மேன்.

“கேக்காது சார். நாங்க தொண்டை கிழியக் கத்துவோம்.”

அவர் ஏதோ யோசித்தார். அதை அப்புறம் பேசலாம் என்பதுபோல் கையை அசைத்துவிட்டு எழுந்தார்.

“சரி. பரீட்சை வச்சுடலாம். அம்மா, நீங்க சமையலறையில உக்காருங்க. நீ மொட்டை மாடிக்குப் போ. கதவைச் சாத்திக்க. உன் காதுல விழுற அதே சுதியில எனக்கு ஊன்னு சொல்லிக் காட்டு. அந்தச் சுதியை நான் தொண்டையில பிடிச்சுக்கிட்டே கீழ வருவேன். அம்மா தனியா ஊன்னு சொல்லட்டும். ரெண்டும் ஒண்ணா இருந்தா பாப்போம். சுதி விஷயத்துல என்னை ஏமாத்த முடியாது, பதினெட்டு வருஷம் பாண்டு செட்டுல பெரிய குழல் ஊதினவன். ஒரே ஒரு கண்டிஷன். நான் இறங்கி வர்றப்ப யாரும் என்கிட்ட பேசக்கூடாது.”

மேலே ஈரத் துணிகளுக்கு நடுவே நின்று காதுக்காரி கண்ணை மூடிக்கொண்டாள். மழை விட்டிருந்தது. இத்தனை நாள் வேண்டாம் வேண்டாம் என்று ஒதுக்கின சத்தத்தை இன்றைக்குத் தேடிப் பிடிக்க வேண்டியிருந்தது. அது இருந்தது. வாயைக் குவித்து அதன் மேல் தன் குரலை வைத்தாள். ஃபோர்மேன் அதைக் கேட்டு, வாங்கி, தலையை ஆட்டி, ‘ஊ’ என்று பிடித்துக்கொண்டு படியிறங்கினார்.

கனத்த ஆள் ஒருவர் குடையை மார்போடு அணைத்துக்கொண்டு, கன்னம் இரண்டும் உப்ப, ஒவ்வொரு படியாக ‘ஊ’ என்று இறங்கி வருகிற காட்சியை வேன்காரர் சாகும்வரை சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். என்ன கூத்து என்று பார்க்க அந்த நேரம் பார்த்துத்தான் தையல்காரர் மேலே வந்தார்.

“சார், உடம்புக்கு என்ன பண்ணுது? வயித்து வலியா?”

ஃபோர்மேன் கண்ணை உருட்டினார். கையால் விலகு என்றார். சுதியை விடவில்லை.

“சோடா வாங்கியாரட்டுமா?”

“ஊஊஊ!” என்றார் ஃபோர்மேன் கோபமாக, அதே சுதியில்.

வேன்காரர் தையல்காரரை இடுப்போடு கட்டிப் பிடித்து ஓரமாக நிறுத்தினார். ஃபோர்மேன் சமையலறைக்குள் போனார். சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த மாமியார், எதிர்ச்சுவரில் அவர் நிழல் விழுந்ததும் உதட்டை மூடி ‘ஊ’ என்றாள். இரண்டு குரலும் ஒன்றோடு ஒன்று வழுக்கிச் சேர்ந்தன. எது யாருடையது என்று பிரிக்க முடியவில்லை. அலமாரியில் இருந்த எவர்சில்வர் மூடி ஒன்று குளிர் ஜுரம் வந்ததுபோல் ‘ர்ர்ர்’ என்று நடுங்கியது.

ஃபோர்மேன் நிறுத்தினார். மூடியைப் பார்த்தார். மறுபடி மேலே போனார், சுதி வாங்கினார், இறங்கினார். மறுபடி மூடி நடுங்கியது. வேர்த்து வடிய நடு ஹாலில் வந்து நின்றார்.

“ஒண்ணுதான்,” என்றார். உடனே தாடையைத் தடவினார். “இருந்தாலும், ஒரே வீட்டுல இருக்கிறவங்க. நேத்து சாயங்காலம் பூரா சேந்து பாடிப் பழகியிருந்தா? கண்ணால பாக்காத ஒண்ணுக்கு நான் எப்படிக் கையெழுத்து…”

அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை.

“நின்னுடுச்சு!” என்று மொட்டை மாடியிலிருந்து ஒரு கூச்சல்.

“அடியே, நின்னுபோச்சுடி!” என்று சமையலறையிலிருந்து ஒரு கூச்சல்.

இரண்டும் ஒரே மூச்சில். நடுவில் இரண்டு சுவர், ஒரு கூரை, சாத்தின கதவு. ஃபோர்மேன் மேலே பார்த்தார், சமையலறையைப் பார்த்தார், பிறகு வேன்காரரைப் பார்த்தார்.

“என்னய்யா நின்னுச்சு?”

“எனக்கு ஆரம்பிச்சதே தெரியாது சார்.”

காதுக்காரி படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கி வந்தாள். மாமியார் கையில் ஊசியோடு ஓடி வந்தாள். வாசலில் முட்டிக்கொண்டார்கள்.

“நின்னுடுச்சு அத்தை!”

“அதைத்தான்டி நானும் சொல்றேன்!”

ஃபோர்மேன் நாற்காலியில் போய் விழுந்தார். வாழைப்பழம் ஒன்றைப் பிய்த்து உரித்து, முழுசாகத் தின்று முடித்துவிட்டுத்தான் பேசினார்.

“நாளைக்கு எட்டு மணிக்கு மேஜையில இரும்மா. ரெண்டு தரம் கேக்குற வேலை எல்லாம் வேணாம். ஒரு தரம் போதும்.”

காதுக்காரி டீ போடுகிறேன் என்று உள்ளே ஓடினாள். ஐந்து டம்ளரும் நிறைந்து, தையல்காரர் ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தபோது மாமியாரும் மருமகளும் சேர்ந்தாற்போல் தலையைத் தூக்கினார்கள். தண்ணீர் குடிக்கிற இரண்டு மாடுகள் ஒரே சத்தத்துக்குத் தலை தூக்குமே, அது மாதிரி.

“வந்துடுச்சா?” என்றார் ஃபோர்மேன்.

“வந்துடுச்சு சார்.”

“அது என்னதான் சார்?” என்றார் தையல்காரர்.

“யாருக்குத் தெரியும்? பூமிக்கடியில எவனோ பெரிய மோட்டார் ஒண்ணை ஓட்டிட்டிருக்கான்.” ஃபோர்மேன் காதுக்காரி பக்கம் திரும்பினார். “எப்படிம்மா, பேரிங் நல்லா இருக்கா?”

அவள் மூன்று மூச்சு கேட்டாள்.

“உரசல் இல்ல சார். கோடு போடலாம்.”

எல்லோரும் சிரித்தார்கள். மாமியாருக்கு அந்தச் சிரிப்பு எதற்கென்று இந்தத் தடவை தெரிந்தே இருந்தது. குடையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது ஃபோர்மேன் வாசலில் நின்றார்.

“தறி ஷெட்டுல இருந்தவங்கன்னீங்களே? அதான் சொல்ல வந்தேன். அந்தச் சத்தத்துல மேல் சத்தம்தான் முதல்ல போகும். கீச்சுன்னு வர்றது, விசில், மணி எல்லாம் போயிடும். அடிச்சத்தம் நிக்கும். நீங்க மேல போய்க் கத்துறீங்க. அங்க ஆளே இல்ல. கீழ வந்து பேசிப் பாருங்க.”

அவர் போன பிறகு காதுக்காரி டம்ளர்களைக் கழுவி வைத்தாள். மாமியார் பழையபடி சட்டைக் குவியலுக்குள் போய் உட்கார்ந்திருந்தாள். இவள் பக்கத்தில் போனாள். வழக்கமாகக் குனியும் இடத்தில் குனியாமல் எதிரே தரையில் உட்கார்ந்தாள். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு, குரலைக் கிணற்றில் வாளி இறக்குவது போல இறக்கினாள்.

“அத்தை.”

“சொல்லுடி.”

மாமியார் தலைகூட நிமிரவில்லை. பட்டனில் ஊசி போய்வந்துகொண்டிருந்தது.

“நான் பேசுறது கேக்குதா?”

“நல்லா கேக்குதே.” அப்போதுதான் ஊசி நின்றது. மாமியார் மருமகளின் வாயைப் பார்த்தாள். கழுத்தைப் பார்த்தாள். நரம்பு புடைக்கவில்லை, முகம் சுருங்கவில்லை. “நீ கத்தலையே!”

“கத்தல.”

“அப்புறம் எதுக்குடி ஏழு வருஷமா கத்தின?”

“கத்தினாத்தான் உங்களுக்குக் கேக்கும்னு…”

“கேக்காது. அரைகுறையா ரெண்டு வார்த்தை விழும். மீதிக்கு உன் மூஞ்சிதான் தெரியும். நரம்பு புடைச்சுக்கிட்டு, கண்ணு முழிச்சுக்கிட்டு… எந்நேரமும் என்மேல கோவமா இருக்கியேன்னு நினைச்சேன். நான் என்னடி பண்ணேன்னு கேக்கவும் பயம்.”

காதுக்காரிக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. குவியலிலிருந்து ஒரு சட்டையை எடுத்து மடித்தாள். பிரித்தாள். மறுபடி மடித்தாள்.

“நீங்க என்கூடப் பேசப் பிடிக்காமத்தான் ஒண்ணும் கேக்குறதில்லன்னு நான் நினைச்சேன் அத்தை.”

“நல்ல கூத்து போ.” மாமியார் மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டாள். அது தையல்காரரின் சட்டை. “சரி, ஒண்ணு சொல்றேன், தப்பா நினைக்காத. உன் டீ இருக்கே, அது தண்ணிடி. இந்த ஏழு வருஷமும் வாய்க்குள்ளயே வச்சிருந்தேன்.”

“இலை தீந்துடும்னு கொஞ்சமாப் போட்டேன். நீங்க ஒண்ணும் சொல்லலையே, பிடிச்சிருக்குன்னு நினைச்சு அதே மாதிரி போட்டுட்டேன்!”

அன்றைக்குச் சாயங்காலம் வரை உட்கார்ந்த இடத்தை விட்டு இருவரும் எழவில்லை. மருமகளும் ஊசி எடுத்துக்கொண்டாள். நாற்பது சட்டை முடிந்தது. பேச்சு முடியவில்லை.

மறுநாள் காலை ஏழரைக்கு வேன்காரர் வண்டியைத் துடைத்து வாசலில் நிறுத்தினார். எட்டு மணி வேலைக்கு ஏழு முப்பதுக்கே ஹாரன் அடிப்பது அவர் சுபாவம். தொழிற்சாலை ஐந்து நிமிஷத் தூரம். மேலே சமையலறையில் கறுத்துக் கெட்டியாக இரண்டு டம்ளர் டீ. மாமியார் தறி ஷெட்டுக் கதை ஒன்றின் நடுவில் இருந்தாள். ஒருநாள் சூப்பர்வைசரின் தொப்பி பெல்ட்டில் மாட்டிக்கொண்டு மேலே போய்விட்டது. அவர் தலையில் அதுவரை யாரும் பார்த்திராத வழுக்கை. நாற்பது பெண்கள், சத்தத்தில் பேச முடியாது, வாயசைத்தே ஒருத்தி அடுத்தவளுக்குச் சொல்ல, அவள் அடுத்தவளுக்குச் சொல்ல…

கீழே ஹாரன் அடித்தது. கீச்சென்ற ஹாரன். தெருநாய்கூட எழுந்து நகரும்.

“அப்புறம் அத்தை?”

“அப்புறம் என்ன, ஒருத்தி ஏணி கொண்டு வந்தா…”

ஹாரன் மறுபடி அடித்தது. இந்தத் தடவை நீளமாக.

காதுக்காரியின் கண் ஜன்னல் பக்கம் ஒரு நொடி போனதை மாமியார் பார்த்துவிட்டாள்.

“என்னடி, கூப்பிடுறானா? எனக்கு ஒண்ணும் கேக்கலையே.”

தொழிற்சாலையிலேயே நல்ல காது என்று பேரெடுத்தவள் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஸ்டூலை மாமியார் பக்கம் இழுத்துப் போட்டாள்.

“எனக்கும் கேக்கல அத்தை,” என்றாள் அடிக்குரலில். “நீங்க சொல்லுங்க. ஏணியில யாரு ஏறினா?”